கர்ப்பகாலச் சர்க்கரையும் தாய்சேய் நலப் பணிகளும்

பெங்களூர் மாநகரில் ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள அடுகோடி, கால்நடை அறிவியலார்க்கு நெடுநாள் பழகிய இடம். 1923-இல் அங்கு அமைந்த கால்நடை வளர்ப்பு, பால்பண்ணை நிறுவனமே பின்னாளில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. 1955-இல் தலைமையகம் கர்னாலுக்கு மாறிய பிறகும் தென்மண்டல நிலையம் அடுகோடியிலேயே நிலைத்தது. 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அந்நிறுவனத்துக்குச் சென்று மாடு வளர்ப்பு முறைகளைக் கேட்டறிந்தார். 1995-இல் கால்நடை ஊட்டச்சத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்றும் இதே பகுதியில் தோன்றியது. சினைப்பசுவுக்கு எந்த மாதத்தில் எவ்வளவு தீவனம் கூட்ட வேண்டும், ஈன்ற பசுவின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பது எப்படி என்பவை இத்துறையின் அன்றாடக் கேள்விகள். பசுவின் கணக்கு பால் கூட்டுறவுச் சங்கத்தின் வரவு செலவோடு பிணைந்தது. ஆகவே அதை எவரும் அலட்சியம் செய்வதில்லை.

அதே அடுகோடியின் சந்துகளில் ஒற்றை அறை வீடுகளில் குடியிருக்கும் பெண்களின் கணக்கு அவ்வளவு கவனத்தைப் பெற்றதா என்பது வேறு கேள்வி. 1950-களின் தொடக்கத்தில் அமைந்த மைக்கோ தொழிற்சாலை இந்தப் பகுதியின் முகத்தை மாற்றியது. அதைச் சுற்றி ஆலைத் தொழிலாளர், கட்டட வேலையாளர், தையல் வேலைக்குச் செல்லும் பெண்கள், வீட்டு வேலை செய்வோர் எனப் பலரும் குடியேறினர். கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இவர்களில் கணிசமானவை. தொழிற்சாலை இருந்த வளாகம் 2022-இல் மென்பொருள் வளாகமாக உருமாறிவிட்டது. சந்துகள் அப்படியே உள்ளன. இவ்வீடுகளில் கருவுறும் பெண்ணின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வாறு நடந்துகொள்கிறது, அதை அளந்தறிய அரசு வகுத்துள்ள ஏற்பாடு எத்தகையது, அந்த ஏற்பாடு எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பவை ஆராயத்தக்கவை.

உடல் நடத்தும் வரவு செலவு

ஐந்து லிட்டர் இரத்தம் ஓடும் உடலில், நூறு மில்லிலிட்டருக்குத் தொண்ணூறு மில்லிகிராம் என்ற அளவில் குளுக்கோஸ் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் தேறுவது நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான். நிறைமாதக் கருவோ நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது கிராம் குளுக்கோஸைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தாய் உறங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் இந்தச் செலவு நிற்பதில்லை. கையிருப்பு சிறிது, செலவோ இடையறாதது. இத்தகைய நிலையில் எந்த நிர்வாகமும் செய்வதையே உடலும் செய்கிறது: மற்ற செலவினங்களைச் சுருக்கி, ஒதுக்கீட்டைக் கருவின் பக்கம் திருப்புகிறது.

முதல் மூன்று நான்கு மாதங்களில் இந்த நெருக்கடி இல்லை. கரு சிறியது, தாயின் உடல் சேமிப்பில் ஈடுபட்டிருக்கும். இன்சுலினுக்குத் திசுக்கள் வழக்கம்போலவோ சற்றுக் கூடுதலாகவோ இணங்குகின்றன, கொழுப்பு சேர்கிறது, வெறும் வயிற்றில் அளக்கும் சர்க்கரை கருவுறுவதற்கு முன்பிருந்ததைவிடச் சிறிது குறைந்தே காணப்படும். வாந்தியும் உணவில் வெறுப்பும் சேர்ந்தால் சர்க்கரை மேலும் தாழ்வதுண்டு.

ஐந்தாம் மாதத்தை ஒட்டி நிலைமை மாறுகிறது. கருவுக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையே வளரும் நச்சுக்கொடி, தாயிடமிருந்து உணவையும் உயிர்வளியையும் கருவுக்குக் கடத்தும் வழி என்றே பொதுவாக அறியப்பட்டுள்ளது. அது ஒரு பெரும் ஹார்மோன் சுரப்பியுமாகும். 1962-இல் ஜோசிமோவிச், மக்லாரன் என்ற இரு ஆய்வாளர்கள் மனித நச்சுக்கொடியில் ஒரு புதிய ஹார்மோனை இனங்கண்டனர். பால்சுரப்பைத் தூண்டும் இயல்பு அதற்கு இருந்ததால் நச்சுக்கொடி லாக்டோஜன் என்று பெயர் வந்தது. கரு வளர வளர இதன் அளவும் ஏறிக்கொண்டே போகிறது. இதனோடு நச்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் தாயின் இரத்தத்தில் சேர்ந்து, தாயின் சொந்த வளர்ச்சி ஹார்மோனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புரோஜெஸ்டிரோன், கார்டிசால் ஆகியவையும் மிகுகின்றன. இவை யாவும் கூடிச் செய்வது ஒன்றே: இன்சுலின் சொன்ன சொல்லைத் தாயின் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் முன்போல் கேட்பதில்லை. கடைசி மூன்று மாதங்களில் இன்சுலினுக்கான இணக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இது நோயன்று. தாயின் தசைகள் குளுக்கோஸை உடனே விழுங்கிவிடாமல் இருப்பதால்தான் அது இரத்தத்தில் சற்று நேரம் நின்று கருவைச் சென்றடைகிறது. தாய் தனது தேவைக்குக் கொழுப்பை எரித்துக்கொள்கிறாள். குளுக்கோஸ் சேய்க்கு, கொழுப்பு தாய்க்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை இயற்கை வகுத்தது. ஈன்ற பசுவின் உடல் சர்க்கரையை மடிக்குத் திருப்பிவிட்டுத் தன் கொழுப்பைக் கரைப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே. பால் மிகுதியாகக் கறக்கும் பசு கன்று ஈன்ற சில வாரங்களில் தீவனம் மறுத்து மெலிவதை விவசாயிகள் அறிவர். அதன் காரணத்தைத்தான் அடுகோடியில் பயிலும் கால்நடை மாணவர்கள் பாடமாகப் படிக்கின்றனர்.

பாகப்பிரிவினை நடக்க ஒரு நிபந்தனை உண்டு. திசுக்கள் இணங்காத அளவுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்தாக வேண்டும். இயல்பான கர்ப்பத்தில் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் சுரப்பு உயர்கிறது. வியப்புக்குரியது என்னவெனில், எதிர்ப்பை உண்டாக்கும் லாக்டோஜனும் அதற்கு இனமான புரோலாக்டினும் கணையத்தின் பீட்டா செல்களையும் ஊக்குவிக்கின்றன. சுமையை ஏற்றுபவரே சுமப்பதற்கு ஆளையும் அனுப்பிவைப்பது போன்றது இது. ஆனால் எல்லாப் பெண்களின் கணையமும் அவ்வாறு ஈடுகொடுப்பதில்லை. கருவுறுவதற்கு முன்பே கையிருப்புக் குறைந்த கணையம், ஆறாம் ஏழாம் மாதத்தில் பின்தங்குகிறது. உணவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்காமல் நிற்கிறது. கர்ப்பகால நீரிழிவு என்று பெயர் பெறுவது இதுவே.

சேயின் பக்கம்

குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கும். தாயின் இன்சுலின் கடப்பதில்லை. இந்த ஒரே உண்மையிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன. டென்மார்க்கில் கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை சேயிடம் வந்து சேர்கிறது. சேயின் கணையம் அதைச் சமாளிக்கத் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலினோ வளர்ச்சியைத் தூண்டுவது. ஆகவே சேய் கொழுத்துப் பெருக்கிறது. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தையைப் பார்த்து உறவினர் மகிழ்வதுண்டு. பேறுகாலத்தில் தோள்பட்டை சிக்கிக்கொள்வதும், அறுவைக்கு நேர்வதும் இந்தப் பருமனால் வருவன. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் இன்சுலின் மட்டும் பழைய வேகத்தில் சுரந்துகொண்டிருக்கிறது. அதனால் பிறந்த சில மணி நேரத்திற்குள் குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும் என்ற பொதுவான அறிவுரை இத்தகைய குழந்தைகளுக்கு மருந்துக்கு ஒப்பானது.

இந்தியக் குழந்தை என்றால் பருமனைக் கண்டறிவதே எளிதன்று. புனேயில் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த யாஜ்னிக் குழுவினர் அண்டைக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டனர். சராசரி எடை அங்கு 3.5 கிலோ, இங்கு 2.7 கிலோ. எடையும் தசையும் குறைந்திருந்த இக்குழந்தைகளிடம் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் ஏறக்குறையக் குறையாமல் இருந்தது. மெலிந்த தோற்றம், மறைந்த கொழுப்பு. தராசு காட்டும் எண்ணை மட்டும் நம்பினால் எச்சரிக்கை கிட்டாது.

கர்நாடகத்திலேயே இதற்கு ஒரு முக்கியமான சான்று உண்டு. மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997, 1998 ஆண்டுகளில் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் கிருஷ்ணவேணி, கரோலின் ஃபால் முதலிய ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். கர்ப்பகாலத்தில் சர்க்கரை மிகுந்த தாய்மாரின் குழந்தைகளிடம், பள்ளிப் பருவத்திலேயே கொழுப்பும் இன்சுலினும் மற்றக் குழந்தைகளைவிட மிகுந்து காணப்பட்டன. அதே ஆய்வில் பத்துப் பெண்களில் நால்வருக்கு மேல் வைட்டமின் பி12 குறைவாக இருந்ததும், அவர்களிடம் கர்ப்பகால நீரிழிவு கூடுதலாகத் தோன்றியதும் தெரியவந்தன. உணவின் அளவைப் போலவே அதன் தன்மையும் இங்கே பேசுகிறது.

அளவுகோல்களின் கதை

எத்தனை பெண்களுக்கு இக்கோளாறு வருகிறது என்ற எளிய கேள்விக்கு எளிய விடை கிடையாது. மைசூர் ஆய்வில் கண்ட விகிதம் 6.2 சதவீதம். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் மருத்துவர் வீ. சேஷய்யா குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பல நகரங்களைச் சேர்ந்த 3,674 கர்ப்பிணிகளில் 16.55 சதவீதத்தினர் இதற்கு ஆளாகியிருந்தனர். இந்த இரு எண்களை அருகருகே வைத்து ஆறு ஆண்டில் நோய் இரண்டரை மடங்காகிவிட்டது என்று முடிவுகட்டுவது பிழையாகும். மைசூரில் வெறும் வயிற்றில் நூறு கிராம் குளுக்கோஸ் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் நான்கு முறை இரத்தம் எடுத்தனர். சென்னையில் எழுபத்தைந்து கிராம், ஒரே அளவீடு. முழம் மாறினால் துணியின் நீளமும் மாறும். விலைவாசிக் குறியீட்டு எண்ணில் அடிப்படை ஆண்டை மாற்றி வைத்துக்கொண்டு வாதிடுவோர் செய்யும் தவறும் இதுவே.

ஒரே அளவுகோலால் அளந்த கணக்கு தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது. 2008-இல் வெளிவந்த சமூக அளவிலான ஆய்வில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் பரிசோதிக்கப்பட்டனர். நகரங்களில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8 சதவீதம், சிற்றூர்களில் 9.9 சதவீதம் என்பவை கண்ட விகிதங்கள். நகரத்தின் எண் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. சிற்றூர்களில் பத்தில் ஒருவர் என்பதே நிர்வாகிகளைச் சிந்திக்க வைத்தது. சிற்றூரிலிருந்து அடுகோடி போன்ற நகர்ப்புறத்திற்குக் குடிபெயரும் பெண், முதல் விகிதத்தைக் கொண்ட கூட்டத்தில் வந்து சேர்கிறாள். நடை குறைகிறது, அரிசியும் இனிப்புத் தேநீரும் கூடுகின்றன.

அயல்நாட்டில் எழுந்த அளவுகோல்கள் வேறு நோக்கம் கொண்டவை. 1964-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓசல்லிவனும் மேகனும் வகுத்த அளவு, பின்னாளில் தாய்க்கு நீரிழிவு வருமா என்பதை முன்கூட்டிச் சொல்வதற்காக ஏற்பட்டது. சேயின் நலனை நேரடியாக அளந்தது 2008-இல் முடிவு வெளியிட்ட பன்னாட்டு ஆய்வு. ஒன்பது நாடுகளில் பதினைந்து மையங்கள், இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார். தாயின் சர்க்கரை ஏற ஏறச் சேயின் பருமனும் இன்சுலினும் ஏறின. இந்தப் புள்ளிக்குக் கீழே அபாயமே இல்லை என்று சொல்லத்தக்க எல்லைக்கோடு எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே கோட்டை எங்கே இழுப்பது என்பது பாதி அறிவியல், பாதி நிர்வாக முடிவு. 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 மில்லிகிராம் என்ற மூன்று கோடுகளை ஏற்றது. மும்முறை ஊசி குத்த வேண்டும். முந்தைய இரவிலிருந்து உண்ணாமல் வர வேண்டும். அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இடம்பெறவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இந்தியா தேர்ந்த வழி

வெறும் வயிற்றுடன் வரச் சொல்வது மருத்துவருக்கு ஒரு வாக்கியம். கர்ப்பிணிக்கோ அது ஒரு நாள் கூலி. சிற்றுண்டி உண்ட பின் மருத்துவமனைக்கு வந்துவிட்டவளை நாளை வா என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுநாள் வருவாள் என்ற உறுதி இல்லை. இரண்டு பேருந்து மாறி, ஒரு பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, தையல் ஆலையில் விடுப்புச் சொல்லி வருபவளுக்கு இரண்டாம் முறை வருவது இரண்டு மடங்குச் செலவு. 1978-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கெனத் தனித்துறை அமைத்தவரும், 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான சேஷய்யா முன்வைத்த முறை இந்த நடைமுறையிலிருந்தே எழுந்தது. உண்டிருந்தாலும் இல்லாவிடினும் எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ முந்நூறு மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஐந்து, பத்து நிமிடத்தில் அருந்தச் செய்வது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை அளப்பது. 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வது. சல்லடையும் தீர்ப்பும் ஒன்றே.

தமிழ்நாடு அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்க ஆணையிட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் நாடு தழுவிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு 2018-இல் அவற்றைத் திருத்தியது. முதல் முறை பதிவு செய்துகொள்ள வரும்போது ஒரு பரிசோதனை. அதில் கோளாறு தெரியாவிடில் 24 முதல் 28 வாரங்களுக்குள் இரண்டாவது. இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் இருத்தல் வேண்டும். குளுக்கோஸ் நீரை அருந்திய அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்; அதற்குப் பின் வாந்தி எடுத்தால் சோதனையைத் தொடரலாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் நடக்கும் மருத்துவர் பரிசோதனையிலும் இதற்கு இடமுண்டு.

இந்த முறைக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சென்னையிலேயே மற்றோர் ஆய்வுக் குழுவினர் 2014-இல், உண்டபின் செய்யும் சோதனை வெறும் வயிற்றில் செய்யும் சோதனை கண்டுபிடிப்பவர்களில் பலரைத் தவறவிடுகிறது என்று எழுதினர். வெறும் வயிற்றில் மட்டும் சர்க்கரை மிகுந்திருக்கும் பெண், இரண்டு மணி அளவில் தப்பிவிடக்கூடும் என்பது மறுக்க இயலாதது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையைப் பயன்படுத்தலாமே என்று கேட்போருக்கு ஒரு தடை உண்டு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. சோகையுள்ள இரத்தத்தில் அந்தச் சராசரி பொய் சொல்லும். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், நூறு பேரில் அறுபது பேரைச் சென்றடையும் நுட்பமான சோதனையைவிட, தொண்ணூறு பேரைச் சென்றடையும் சுமாரான சோதனை மேல் என்ற முடிவு இந்நாட்டுக்குப் பொருந்துவதே. ஆனால் சுமாரான சோதனை என்பதைச் சாக்காக வைத்துச் சோதனையையே சுமாராகச் செய்வது வேறு. குளுக்கோஸ் பொட்டலத்தை நிறுக்காமல் கொட்டுவதும், இரண்டு மணி நேரம் முடியுமுன் கூட்டத்தைக் கலைக்க ஊசி குத்துவதும், கையேட்டில் உள்ள எண்ணை அர்த்தமற்றதாக்கிவிடும். இரண்டு மணி நேரம் அமர ஒரு விசிப்பலகையும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத நிலையத்தில் இச்சோதனை நிறைவேறாது. இவை மருத்துவச் செலவில் சேராதவை. பொதுப்பணிக் கணக்கில் வருபவை.

கண்டறிந்த பின் செய்ய வேண்டியது பெரும்பாலோருக்கு உணவை ஒழுங்குபடுத்துவதே. இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்ற பழமொழி போன்ற அறிவுரை இங்கே கெடுதல் செய்கிறது. மொத்த அளவைக் குறைத்தலும் கூடாது, கரு வாடிவிடும். மூன்று வேளை உணவு, இடையே சிறு உணவு எனப் பிரித்துக்கொள்வதும், ஒரு தட்டுச் சோற்றின் பாதியைக் கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் விட்டுக்கொடுப்பதும் போதுமானவை. கர்நாடகத்தின் தென்பகுதியில் கேழ்வரகுக் களி அன்றாட உணவு. களியும் மாவுச்சத்தே என்பதால் அளவின்றி உண்ணலாம் என்று நினைப்பது தவறு. எனினும் தீட்டிய அரிசியைவிட அது மெல்லச் செரிப்பது. 2017 அக்டோபரில் கர்நாடக அரசு தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டம், ஆங்கன்வாடியில் கர்ப்பிணிக்கு ஒரு வேளை முழு உணவை முட்டை, பால், வேர்க்கடலை மிட்டாயோடு அளிக்க முற்பட்டது. போதிய உணவு கிட்டாத பெண்ணை எண்ணி வகுத்த இத்தட்டில், சர்க்கரை மிகுந்த பெண்ணுக்கு எதைக் கூட்டி எதைக் குறைப்பது என்பதை ஆங்கன்வாடி ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டியுள்ளது. ஒரே வரிசையில் இரு வகைப் பெண்களும் நிற்கின்றனர். சில வேளைகளில் ஒரே பெண்ணே இரத்தசோகையும் சர்க்கரையும் கொண்டு நிற்கிறாள்.

இரண்டு வாரம் உணவு ஒழுங்கும் நடையும் கடைப்பிடித்த பின்னும், உண்டு இரண்டு மணி நேரத்தில் 120 மில்லிகிராமுக்குக் கீழே வராவிடில் மருந்து தேவைப்படும். இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்படுமுன் நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தாயும் சேயும் பிழைப்பது அரிது. 2018-இன் நெறிகள் இருபதாம் வாரத்திற்குப் பின் மெட்ஃபார்மின் மாத்திரையையும் அனுமதிக்கின்றன. இன்சுலினைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானை அந்த வேலையை ஓரளவு செய்யும். இதைச் செவிலியர் வாயால் சொல்லியே அனுப்ப வேண்டும், சீட்டில் எழுதினால் போதாது.

ஓசூர்ச் சாலையில் அறுபடும் கண்ணி

அடுகோடியில் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் மாதத்தில் அருகிலுள்ள அரசு நிலையத்தில் பெயர் பதிந்து, கர்நாடகத்தின் தாய் அட்டையைப் பெறுகிறாள். முதல் சோதனையில் கோளாறு இல்லை. இரண்டாம் சோதனைக்கு உரிய 24 முதல் 28 வாரம் என்பது ஆறாம் ஏழாம் மாதம். சரியாக அப்போதுதான் வளைகாப்பு வருகிறது. ஐந்து வகைச் சோறு சமைத்து, வளையல் அடுக்கி, தலைப்பிள்ளை என்றால் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஓசூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவு; பேருந்தில் இரண்டு மணிப் பயணம், ஆனால் மாநிலம் வேறு. அங்கே பிக்மி எண் கேட்கின்றனர். இங்கே தந்த அட்டை கன்னடத்தில் உள்ளது. நச்சுக்கொடியின் ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கி ஏறும் வாரங்களில் அவள் இரு நிர்வாகங்களுக்கு நடுவே இருக்கிறாள். பழைய நிலையம் புதிய இடத்தில் சோதிப்பார்கள் என்று கருதுகிறது. புதிய நிலையம் முன்பே சோதித்திருப்பார்கள் என்று கருதுகிறது.

வளைகாப்பைத் தள்ளிவைக்கச் சொல்வது பயன் தராது. சோதனையை அதற்கு முன் வைத்துவிடுவது எளிது. இருபத்து நான்காம் வாரம் பிறக்கும் தேதியை அட்டையில் முதல் நாளே குறித்து, ஊருக்குப் போகும் நாள் எது என்று ஆஷா பணியாளர் கேட்டறிந்தால், பெரும்பாலான பெண்கள் புறப்படுமுன் இரண்டு மணி நேரம் வந்து அமர்ந்துவிட்டுப் போவார்கள். முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஓர் எண்ணாக அட்டையின் முகப்பில் எழுதுவதற்கு மென்பொருள் தேவையில்லை.

இரண்டாவது கண்ணி பேறுகாலத்திற்குப் பின் அறுகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்கள் இரத்தத்திலிருந்து விரைவில் மறைகின்றன. லாக்டோஜன் சில மணி நேரத்திலேயே ஏறக்குறைய இல்லாமற் போகிறது. இன்சுலினுக்குத் திசுக்கள் மீண்டும் இணங்குகின்றன. ஓரிரு நாளில் சர்க்கரை இயல்புக்கு வந்து, மருந்து நிறுத்தப்படுகிறது. தாயும் குடும்பமும் நோய் போய்விட்டது என்று நிம்மதி அடைகின்றனர்; அப்படி எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. ஆனால் கணையத்தின் கையிருப்புக் குறைவு போகவில்லை. கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தோர் 2009-இலும் 2020-இலும் காட்டினர். கர்ப்பம் என்பது கணையத்தின் மீது இயற்கை நடத்தும் சுமைச் சோதனை. அதில் தடுமாறியவர் யார் என்பது இருபத்தைந்தாம் வயதிலேயே அரசின் பதிவேட்டில் இருக்கிறது. நாற்பதாம் வயதில் முகாம் நடத்தித் தேடும் நோயாளிகளில் ஒரு பகுதியினரின் பெயரும் முகவரியும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டவை. அந்தப் பதிவேட்டைப் புரட்டாமல் முகாமுக்குப் பந்தல் போடுவது சிக்கனமாகாது.

வழிகாட்டு நெறிகள் பேறு முடிந்த ஆறாம் வாரத்தில் வெறும் வயிற்றிலும், எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸுக்கு இரண்டு மணி நேரம் பின்பும் சோதிக்கச் சொல்கின்றன. நடைமுறையில் மிகவும் தவறிப்போவது இதுவே. ஆறாம் வாரத்தில் தாய்க்கு உடம்பில் குறையேதும் தெரிவதில்லை; கைக்குழந்தையை விட்டுவிட்டு வர ஆளும் இல்லை. ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் தொடங்குவதும் ஆறாம் வாரமே. தனக்காக வராத தாய் பிள்ளைக்காகக் கட்டாயம் வருகிறாள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தோறும் தடுப்பூசி நாள்; ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் வழக்கமும் உள்ளது. அந்த அரை மணியை இரண்டு மணி ஆக்கி, முந்தைய நாளே உண்ணாமல் வருமாறு கிராமச் சுகாதாரச் செவிலியர் சொல்லி அனுப்பி, காலை எட்டு மணிக்கு முதல் இரத்தத்தை எடுத்துவிட்டால், ஒரே வருகையில் இருவர் கணக்கும் முடியும். தாய்ப்பால் கொடுப்பவள் என்பதால் நெடுநேரம் பட்டினி இருத்தலாகாது. சோதனை முடிந்ததும் அங்கேயே உண்பதற்கு ஏதேனும் கொடுக்க வேண்டும்.

இதற்குப் புதிய திட்டமோ தனி நிதித் தலைப்போ வேண்டியதில்லை. தடுப்பூசிப் பதிவேடு குழந்தையின் பெயரில் உள்ளது, சர்க்கரைப் பதிவேடு தாயின் பெயரில் உள்ளது. இரண்டும் வெவ்வேறு மேசையில், பல இடங்களில் வெவ்வேறு ஊழியரிடம். குழந்தையின் பக்கத்தில், தாயின் கர்ப்பகாலச் சர்க்கரை எண்ணை எழுத ஒரு கட்டம் கூட்டினால், ஆறாம் வாரத்தில் ஊசி போடும் செவிலியரின் கண்ணில் அது படும். ஓசூரில் பெற்று அடுகோடிக்குத் திரும்பியவளாயினும், அவள் கையில் இருப்பது குழந்தையின் அட்டை ஒன்றே. பத்தாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் அதை எடுத்துக்கொண்டு அவள் மீண்டும் வருவாள்.